சிங்கம் எந்த கிரேடு?

கென்யாவுக்குப் போய்வந்த கதையைப் போன இதழில் கால் பக்கம் எழுதினேன். அன்றிலிருந்து டீக்கடையில்கூட என்னை யாரும் நலம் விசாரிப்பதில்லை. சிங்கத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ஆகவே இந்த முறை சஃபாரிக் கேள்விகள் மட்டும். நகராட்சிக் குழாய், மண்டப வாடகை, மருமகள் பிரச்சினை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: சஃபாரி என்றால் காட்டுக்குப் போவது என்றுதானே பொருள்?
*கல்லூரி மாணவர், மேல்விஷாரம்*

ப: நமக்குத் தெரிந்த சஃபாரி மூன்று. அப்பா கல்யாணங்களுக்குப் போட்டுப்போன சூட், அதை மடித்து வைத்த பெட்டி, பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கி வாங்கிய டாடா கார். மூன்றிலும் மிருகம் கிடையாது. ஸ்வாஹிலி மொழியில் சஃபாரி என்றால் வெறும் பயணம். அரபியின் 'சஃபர்' கடல் தாண்டிப் போய் அங்கே அப்படி ஆகிவிட்டது. "அத்தா சஃபர்ல இருக்காங்க" என்று சொல்லும் உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் பாதி ஸ்வாஹிலி தெரியும் தம்பி. நைரோபிக்காரர் மொம்பாசாவிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போனாலும் அது சஃபாரிதான்.

அந்தச் சொல்லுக்குக் காக்கி மாட்டிவிட்டவர்கள் துப்பாக்கியோடு போன வெள்ளைக்காரர்கள். 1909-ல் ஜனாதிபதி நாற்காலியை விட்டு இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். அவரும் மகனும் மட்டும் சுட்டவை 512. இன்று எல்லாச் சுற்றுலா விளம்பரத்திலும் வரும் 'பிக் ஃபைவ்' பட்டியலும் வேட்டைக்காரர்கள் போட்டதுதான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை: நடந்துபோய்ச் சுடுகிறவன் உயிரோடு திரும்புவது சந்தேகம் என்று பெயரெடுத்தவை. ஒட்டகச்சிவிங்கிக்கு அதில் இடமில்லாததற்கு அழகுக் குறைவு காரணமில்லை.

கே: சஃபாரி சூட் தைத்துக்கொண்டுதான் போக வேண்டுமா என்கிறார் என் வீட்டுக்காரர்.
*இல்லத்தரசி, ஆற்காடு*

ப: சூட் வேண்டாம்மா, நிறத்தைப் பாருங்கள். செட்சி என்று ஒரு ஈ அங்கே உண்டு. கறுப்பும் கருநீலமும் கண்டால் தேடி வந்து கடிக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறியையே நீலமும் கறுப்புமான துணியில்தான் தைக்கிறார்கள். எனவே கறுப்பு புர்காவைப் பெட்டியில் வைத்துவிட்டு, காட்டுக்குள் போக மண் நிறத்தில் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சிரிக்க வேண்டாம், அவருடைய நீல ஜீன்ஸுக்கும் அதே கணக்குத்தான். ஷூவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆம்பூரில் தைத்த எதுவானாலும் போதும், வண்டியை விட்டு இறங்க விட்டால்தானே!

கே: வரிக்குதிரைத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்தால் வரி நிற்குமா?
*தொட்டி வேலை மேஸ்திரி (ஓய்வு), மேல்விஷாரம்*

ப: எத்தனையோ வருடமாகப் பதில் எழுதுகிறேன். தோல் பதனிடும் நம்மூரைத் தவிர வேறெந்த ஊரிலிருந்தும் இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது. நிற்காது மேஸ்திரி. வெள்ளையும் கறுப்பும் முடியோடு சரி, அடித்தோல் முழுக்கக் கறுப்பு. புலி அப்படியில்லை, மழித்துவிட்டாலும் தோலில் வரி தெரியும்.

அந்த வரி எதற்கு என்று டார்வின் காலத்திலிருந்து சண்டை. இப்போது மேலோங்கி நிற்பது ஈ விவகாரம். டிம் காரோ என்ற விஞ்ஞானியின் குழு சாதாரணக் குதிரைகளுக்கு வரிக்குதிரை போர்வை மாட்டிப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டது. கடிக்கும் ஈக்கள் பக்கத்தில் வந்தன, ஆனால் உட்கார முடியாமல் தடுமாறின. போர்வை இல்லாத தலையில் மட்டும் வழக்கம்போல் உட்கார்ந்தன. முந்தின கேள்வி கேட்ட ஆற்காட்டு அம்மா இதையும் குறித்துக்கொள்ளலாம். வரி போட்ட புர்கா இன்னும் சந்தைக்கு வரவில்லை, முதல் போட நினைப்பவர்கள் யோசிக்கவும்.

கே: மொத்தம் எவ்வளவு ஆகும்? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
*ஷூ கம்பெனி கணக்காளர், ஆம்பூர்*

ப: கணக்காளருக்குக் கணக்கையே சொல்கிறேன். மசாய் மாரா காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். 200 டாலர் என்பது பதினேழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. இது வாசல் காசு மட்டும். வண்டி, கூடாரம், விமானம், அனுமதிச் சீட்டு எல்லாம் தனி. சூடான காற்றடைத்த பலூனில் ஏறினால் இன்னும் நானூறு டாலருக்கு மேல். நான் ஏறவில்லை. கீழே நின்று கையசைக்கக் காசு கேட்கவில்லை.

மறந்துவிடக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், இங்கே உங்களை ஆறு நாள் வரை தனியே அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் சிங்கத்தைப் பார்த்த மாதிரி.

கே: ஜீப்புக்குள் சிங்கம் பாயாதா?
*ஏழாம் வகுப்பு மாணவி, விஷாரம்*

ப: வண்டியும் உள்ளே இருக்கிறவர்களும் சேர்ந்து ஒரே பெரிய பிராணி என்று அது நினைத்துக்கொள்கிறது என்பார்கள் வழிகாட்டிகள். எழுந்து நின்றாலோ காலை வெளியே தொங்கவிட்டாலோ அந்தப் பிராணி இரண்டாகிவிடும் பாப்பா. அதில் சின்னது நீ.

கே: யானையைப் பார்க்க இவ்வளவு செலவா? என் வாழைத்தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், இலவசமாகக் காட்டுகிறேன்.
*விவசாயி, பேரணாம்பட்டு*

ப: அண்ணே, இந்தக் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. 1980களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு யானைக் கூட்டம் சித்தூர் மாவட்டத்துக்கு நடந்து போனது. பல தலைமுறையாக யானையே பார்க்காத காடு அது. பிறகு 1990-ல் அங்கே கவுண்டின்யா சரணாலயம் வந்தது. சரணாலயத்தின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது, உங்கள் வாழை இந்தப் பக்கம் இருக்கிறது. யானை எதைப் படிக்கும் என்பது தெரிந்த விஷயம்.

அங்கே யானையைப் பார்க்கிறவன் காசு கொடுக்கிறான், இங்கே பார்க்கிறவன் காசை இழக்கிறான். மாரா காப்பகத்தை ஒட்டிய நிலங்களில் மசாய் குடும்பங்கள் பல தங்கள் நிலத்தைச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகின்றன. வேலி போடாமல், உழாமல், மிருகம் நடமாட விட்டுவைப்பதற்கு அது கூலி. அதற்காக அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். அங்கும் யானை சோளத்தை மிதிக்கிறது, சிங்கம் மாட்டை அடிக்கிறது, மாட்டை இழந்தவன் விஷம் வைக்கிறான். ஆனாலும் மிருகம் நின்றால் வருமானம் உண்டு என்று ஒரு கதவாவது திறந்திருக்கிறது. நமக்குப் பட்டாசு, டார்ச் லைட், நிவாரண மனு. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 3,063 யானைகள். அவற்றைப் பார்த்து வியக்கிறவர்களின் பாக்கெட்டிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு ஒரு ரூபாய் வரவும் இன்றுவரை நேர் வழி கிடையாது.

பின்குறிப்பு மற்ற வாசகர்களுக்கு: அண்ணன் கூப்பிட்டாரென்று இரவில் பேரணாம்பட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கூப்பிட்டது கோபம்.

கே: ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு இந்தியர்களை நன்றாகத் தெரியுமாமே?
*ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வாலாஜா*

ப: ருசியே தெரியும் சார். 1898-ல் உகாண்டா ரயில் பாதைக்காக சாவோ ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. இந்தியாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். வேலை நின்றுபோனது. பாட்டர்சன் என்ற பொறியாளர் அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டார். செத்தவர்கள் 135 பேர் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்தவர்கள் 2009-ல் சுமார் 35 என்றார்கள். வேட்டைக்காரன் கணக்கை நாலால் வகுக்கலாம் என்று தோன்றுகிறது.

நம்மூருக்கு வேண்டிய தகவல் வேறு. அந்த இரண்டு தோலும் ஏறத்தாழ 25 வருடம் பாட்டர்சன் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்தன. பிறகு 5,000 டாலருக்கு சிகாகோ ஃபீல்டு மியூசியத்துக்கு விற்றார். ஓரம் வெட்டி, மிதிபட்டுத் தேய்ந்த தோலை வைத்து உருவம் செய்ததால், உயிரோடு இருந்ததைவிடச் சிறிய உருவத்தில்தான் இன்றும் அவை நிற்கின்றன. இரண்டு நாள் மேல்விஷாரத்துக்கு அனுப்பியிருந்தால் இழுத்து ஆணியடித்துக் காயவைத்து நாலு அங்குலம் கூட்டிக் கொடுத்திருப்போம்.

கே: ஸ்வாஹிலியில் இரண்டு வார்த்தை கற்றுக்கொடுங்களேன்.
*பி.காம். மாணவி, ராணிப்பேட்டை*

ப: சிம்பா என்றால் சிங்கம், டெம்போ என்றால் யானை. நம்மூர் டெம்போவும் கேட்காமல் குறுக்கே வருவதால் நினைவில் நிற்கும். கிபோகோ என்றால் நீர்யானை. அந்தத் தோலில் செய்த சாட்டைக்கும் அதே பெயர்தான். தோலின் கதையில் மிருகத்தின் பெயர் என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

கே: மிருகங்கள் கூட்டமாக ஆற்றைக் கடப்பதை டிவியில் காட்டுகிறார்களே, நேரில் அப்படித்தான் இருக்குமா?
*செல்போன் கடைக்காரர், மேல்விஷாரம்*

ப: டிவியில் இரண்டு நிமிடம். நேரில் நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் அந்த இரண்டு நிமிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வில்டபீஸ்ட் என்பது மான் வகை. மாட்டுத் தலை, ஆட்டுத் தாடி, குதிரை வால் என்று மிச்சம்மீதியை வைத்துச் செய்தது போலிருக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி மாராவுக்கு வருகின்றன. ஜூலையில் கட்டணம் இரட்டிப்பாவது இவற்றின் புண்ணியத்தில்தான். கரையில் வந்து நிற்கும், முன்னால் போகும், திரும்பும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்காருவது என்று ஆளாளுக்குத் தயங்கி நிற்போமே, அப்படி. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், அப்புறம் நாற்காலிக்கு அடிதடி.

வருடத்துக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேல் அந்த ஆற்றில் மடிகின்றன என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. முதலை தின்பது சொற்பம், நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்குவதுதான் அதிகம். அந்த உடல்களைத் தின்று மீனும் கழுகும் பிழைக்கின்றன. ஆறாயிரம் பிணத்தை வாங்கிக்கொண்டும் மாரா ஆறு உயிரோடு ஓடுகிறது. நம் பாலாற்றுக்கு நாம் கொடுத்தது பிணமில்லை, கழிவுநீர். அதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டபோது குழந்தை குட்டியோடு பாலத்தில் போய் நின்று பார்த்தோமே, அதுவும் சஃபாரிதான். நம்மூரில் அரிய மிருகம் தண்ணீர்.

கே: தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் சிரமமில்லையே?
*ஹாஜியார், வாணியம்பாடி*

ப: இல்லை பாய். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நமக்குக் கிப்லா மேற்கே, கென்யாவில் ஏறக்குறைய நேர் வடக்கே. பழக்கத்தில் சூரியன் விழும் பக்கம் திரும்பி நின்றுவிடுவோம். பூமத்திய ரேகைப் பக்கம் என்பதால் வருடம் முழுவதும் ஆறரை மணியை ஒட்டித்தான் விடியும். ஃபஜ்ரை முடித்துவிட்டு நிதானமாக வண்டி ஏறலாம். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக் கஸ்ர் செய்வது பற்றி ஹஸ்ரத்திடம் கேளுங்கள், எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஹலால் சுலபமாகக் கிடைக்கிறது. சாய், சப்பாத்தி, பிலாவ், பிரியாணி எல்லாம் ஸ்வாஹிலிச் சொற்களாகவே ஆகிவிட்டன. ஆனால் மொம்பாசா பிரியாணியில் சோறு தனி, கறி மசாலா தனி, தட்டில் வந்த பிறகுதான் இரண்டுக்கும் நிக்காஹ். என்னுடன் வந்த ஆம்பூர்க்காரர் அதைப் பார்த்து அரை மணி நேரம் பேசவே இல்லை. சிங்கத்துக்கு முன்னால்கூட அவர் அப்படி அடங்கவில்லை.

கே: சின்னதாக ஒரு மான் கொம்போ வரிக்குதிரைத் தோலோ வாங்கி வரலாமா? நாமே தோல்காரர்கள்தானே.
*ஏற்றுமதியாளர், ராணிப்பேட்டை*

ப: வேண்டாம். கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது, அடுத்த வருடமே வனவிலங்குத் தோல், கொம்பு வியாபாரத்தையும் மூடியது. நம் பக்கம் 1972 வனவிலங்குச் சட்டம். சுங்க அதிகாரியிடம் "நாங்க தோல்காரங்க சார்" என்றால் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பெட்டியைக் கிண்டுவார்.

தோல்காரர் என்று சொன்னதால் ஒரு பழைய கதை. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்கு மெட்ராஸ் பேர்போனது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வரப்பிலும் வளையிலும் தோண்டிப் பிடித்த பாம்புகளின் தோல், கைப்பையும் பெல்ட்டுமாகிக் கப்பலேறியது. பிடித்தவர் கைக்கு வந்தது சில்லறை. 1976-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்பு பிழைத்தது, இருளர் அடுப்பு அணைந்தது. 1978-ல் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதே கை, அதே பாம்பு. இப்போது தோலை உரிப்பதில்லை. விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள், விஷம் பாம்புக்கடி மருந்துக்குப் போகிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நின்றால் பார்க்கலாம்.

அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். நவீனக் கருவி வைத்திருந்தவர்கள் தேடித் தவித்த மலைப்பாம்புகளை, இவர்கள் தரையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்கள் போனதையும் சஃபாரிக் கணக்கில்தான் சேர்ப்பேன். இதில் டிக்கெட் எடுத்தவன் எதிர்க்கரைக்காரன்.

கே: என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். க்ரூகரில் சிங்கம் பார்த்துவிட்டேன். முதுமலைக்கு வந்தால் புலி பார்க்க முடியுமா?
*வாசகி, டர்பன்*

ப: வாங்க தாயி. 1860 அக்டோபரில் மெட்ராஸில் கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16-ல் உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் எங்கள் ஜில்லாக்காரர்கள் நிறைய. கரும்பு வெட்டப் போனவர்களுக்கு யாரும் அதை சஃபாரி என்று சொல்லி அனுப்பவில்லை.

உங்கள் ஊரிலிருந்து எங்களுக்கும் ஒன்று வந்தது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த எங்கள் டேனரிகளுக்கு நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. மரம் ஆஸ்திரேலியாவுடையது, பட்டை ஆப்பிரிக்காவுடையது, தோல் எங்களுடையது, அதைப் போட்டு நடந்த கால் லண்டனுடையது. அதே வாட்டிலை நீலகிரியிலும் நட்டார்கள். அது சோலைக்கு நடுவே இருந்த புல்வெளியை விழுங்கிவிட்டது, அந்தப் புல்தான் வரையாட்டுக்குச் சோறு. இப்போது வாட்டிலைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2024-ல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்.

புலிக்கு உத்தரவாதம் தர மாட்டேன். ஆப்பிரிக்கப் புல்வெளி விரித்த பாய் மாதிரி, இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம் காடு திரை போட்ட ஜன்னல். முதுமலையில் புலி நிறைய உண்டு, ஆனால் நீங்கள் அதைப் பார்ப்பதைவிட அது உங்களைப் பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். வரையாட்டையாவது பார்த்துவிட்டுப் போங்கள், நம் இரண்டு ஊருக்கும் அதனிடம் பழைய பாக்கி இருக்கிறது.

கே: சிவிங்கிப்புலி பார்க்க ஆப்பிரிக்கா போயே ஆகணுமா?
*ஆட்டோ ஓட்டுநர், வேலூர்*

ப: அதுவே இங்கே வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 17-ல் நமீபியாவிலிருந்து எட்டு, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு, மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இறங்கின. மஞ்சள் காய்ச்சல் ஊசியை யாருக்கும் போட வேண்டியதில்லை.

கே: கையிருப்பு ஐயாயிரம். ஆள் நாலு பேர். என்ன பார்க்கலாம்?
*தையல் பிரிவுத் தொழிலாளி, ஆம்பூர்*

ப: வேலூரிலிருந்து ஜவ்வாது மலைப்பக்கம் அமிர்தி. மானும் மயிலும், மழை பெய்திருந்தால் அருவியும் உண்டு. ஒரு நாள் லீவு போட்டால் வண்டலூர். 1855-ல் மெட்ராஸில் தொடங்கி 1985-ல் அங்கே குடிபோன பூங்கா. பிள்ளைகளுக்கு அது போதும். இல்லையென்றால் ஏலகிரி. அங்கே இருந்த ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். மலையேறும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள், பதினாலு வளைவு முடிகிற வரை பின் சீட்டில் சத்தமே வராது.

கே: நிஜச் சிங்கத்தைக் கண்டதும் முதலில் உனக்கு என்னடா தோன்றியது? பொய் சொல்லாமல் சொல்.
*தோல் தரம் பிரிக்கும் மேசையில் எதிரே உட்கார்ந்தவன், பெரியமேடு*

ப: மற்றவர்களிடம் சொல்லலாம், உன்னிடம் பொய் நிற்காது. முதலில் கண் போனது பின்தொடையில் இருந்த ஒரு நீளக் கீறலுக்கு. முள் கீறலா, நகமா என்று பார்த்தேன். கழுத்தில் உண்ணி கடித்த தடம். தோளில் ஆறிப்போன பழைய காயம், உள்ளங்கை அகலம். காது கிழிசல். வயிற்றுப் பக்கம் தளர்வு. நாலாம் கிரேடு, லைனிங்குக்குக்கூட யோசிக்கணும் என்று மனசு சீட்டில் எழுதியே விட்டது.

அப்போது அது மூச்சு விட்டது. விலா எலும்பின் மேல் தோல் முழுவதும் ஒருமுறை ஏறி இறங்கியது. ஒரு ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் தனியாகச் சிலிர்த்தது, மற்ற இடம் அசையவில்லை. நாற்பது வருடத்தில் நம் மேசைக்கு எத்தனை லட்சம் தோல் வந்திருக்கும் சொல். ஒன்றாவது இப்படிச் செய்திருக்கிறதா?

ஓட்டுநர் திரும்பி, போகலாமா என்றார். இன்னும் அஞ்சு நிமிஷம் என்றேன்.